ஏராளம் என்று எழுதிய சீட்டு

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, மதுரையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் பிரிவில் உதவியாளனாக இருந்தேன். கொடைக்கானலுக்கு மேலே புல்வெளிகளில் பூக்கும் செடிகளைப் பறித்து வந்து, காகிதத்துக்கு நடுவே அழுத்தி, எங்கள் ஊர் வெயிலில் காயவைத்துத் தாளில் ஒட்ட வேண்டும். கீழே ஒரு சீட்டு: இடம், உயரம், பூவின் நிறம், அங்கே எவ்வளவு இருந்தது என்று.

ஒரு ஜூலையில் பாறை இடுக்கில் ஒரு வெள்ளைப் பூவைப் பார்த்தேன். சாண் உயரம்கூட இல்லை. மொத்தமே மூன்று செடி. ஒன்றையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பது பேராசிரியரின் கண்டிப்பான உத்தரவு. கை கேட்டால்தானே! மூன்றையும் கிழங்கோடு பெயர்த்துவிட்டேன். சீட்டில் மூன்று என்று எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும். 'ஏராளம்' என்று எழுதினேன். ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்த மடையன் நான்.

மறுவருஷம் பேராசிரியர் அதே செடியில் இன்னும் பத்து வேண்டும் என்றார். எனக்கு அம்மை போட்டிருந்ததால், என்னோடு வேலை பார்த்த சிநேகிதன் போனான். அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் முதன்முதலாகப் படித்தவன். பத்து நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் அலைந்து வெறுங்கையோடு திரும்பினான்.

"அம்புட்டுப் பாறையும் தேடிட்டேன் மாப்ள. ஒண்ணுகூட இல்ல."

நான் தேறி வேலைக்கு வந்த அன்று, பேராசிரியர் என் சீட்டை அவன் முன்னே போட்டார். "ஏராளம்னு எழுதியிருக்கு. நீ மலை ஏறவே இல்லை. கீழேயே உட்கார்ந்து பொழுதைக் கழிச்சிட்டு வந்து கதை அளக்கிறே!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரோடும் சண்டைக்குப் போகிற வாய் எனக்கு. அன்றைக்கு மட்டும் எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றது. என் வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அவன் வேலை போயிற்று. அவன் அய்யா வந்து கைகூப்பிக் கேட்டபோதும் பேராசிரியர் அதையே சொன்னார். அந்த மனிதர் வராந்தாவிலேயே மகனைப் பார்த்து, "என்கிட்டயே பொய்யாடா சொன்ன?" என்று கத்தினார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா!

யுத்தம் முடிந்த பிறகு, பழைய சீட்டுகளைப் புதிதாக எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் கையெழுத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தேன். அந்த வார விடுமுறையிலேயே அவன் ஊருக்குப் போனேன்.

தை மாசம். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டான். கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டான். "அந்தப் பூவை எந்தப் பாறைல பாத்த மாப்ள? இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தாத்தான் என் மனசு ஆறும்."

"போகாதடா. அங்க இருந்ததே மூணுதான். மூணையும் நான்தான் பிடுங்கினேன். சீட்டுல எழுதினது பொய்."

செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"போன ஐப்பசி வரைக்கும் எங்கய்யா உயிரோட இருந்தாரே மாப்ள," என்றான். "அப்ப வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"