கறி தின்னாத கசாப்புக்காரர்

மெய்ராமுக்கு உடம்பு ஒரு ஒட்டகம், வயிறு மட்டும் தனியாக இன்னொரு ஒட்டகம். கத்தியோடு தெருவில் நடந்தால் ஆடுகள் தாமாகவே படுத்துக் கழுத்தை நீட்டும் என்று ஊரில் பேச்சு. அப்பேர்ப்பட்ட கசாப்புக்காரர் கறியை வாயில் வைப்பதில்லை. பால் டீ, ரொட்டி, உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். கறியே சாப்பாடான கஜகஸ்தானில் கசாக்கியராகப் பிறந்து கறியை ஒதுக்கிய ஒரே ஆள் என்று மாவட்டமே சிரித்தது.

"என்ன மெய்ராம், மத்தியானத்துக்குப் புல்லா, வைக்கோலா?" என்பான் பக்கத்து வீட்டு சேகன்.

"உன் ஆட்டு வயித்துக்குள்ள ஒருதரம் எட்டிப் பாருடா. அப்புறம் நீயும் என்கூட மேய வந்துடுவ."

ஊருக்கு மேற்கே கிடக்கிறது பொலிகோன். சோவியத் காலத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த வெளி. குண்டும் நின்றது, காவலும் போனது. மிச்சமிருந்த வேலிக்கம்பியை ஜனங்கள் பிடுங்கிக் கோழிக்கூண்டு கட்டிவிட்டார்கள். வெடித்த பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் புல் முளைக்கிறது. ஆடுகள் மேய்வது அங்கேதான், குடிப்பதும் அதைத்தான்.

அவற்றைத் திறந்து பார்ப்பது மெய்ராம் ஒருவர்தான். ஈரல் முழுக்க மொச்சைக்கொட்டை மொச்சைக்கொட்டையாகக் கட்டி. அமுக்கினால் மஞ்சளாகப் பீய்ச்சும். அந்த நாற்றம் ஒரு வாரம் சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. கால்நடை வைத்தியரைக் கேட்டால், "புழுதான்யா" என்பார். வருஷத்துக்கொருமுறை கதிர்வீச்சு அளக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதிகாரி வருவார். பெட்டி பூனை வாலை மிதித்த மாதிரி கத்தும். "எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு" என்பார். சொல்லிவிட்டு, கூடவே கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

மெய்ராம் கட்டி உள்ளதை அறுத்து ஒரு வாளியில் போடுவார். வண்டியில் தங்க ஆட்டுப் படம் போட்ட பட்டணத்து வியாபாரி அந்த வாளியையும் விடாமல் வாரிக்கொண்டு போவான். எதற்கென்று மெய்ராம் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும். கொஞ்ச நாளில் அதே படத்தோடு, சிவப்பு நூல் கட்டி, சாசேஜாக ஊர்க் கடைக்குத் திரும்பி வரும். பட்டணத்துச் சாமானாச்சே என்று ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். மெய்ராம் மட்டும் கடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்து போவார்.

இந்த நிலையில்தான் மகள் அர்தக்குக்குப் பட்டணத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா துலேபெக் வாய் ஓயாத மனுஷன். அம்மா ரௌஷான் துணிக்கடைக்காரி. கையில் எடுத்ததை நூல் நூலாகப் பிரித்துப் பார்க்கும் பார்வை. "பொலிகோன் பக்கத்துப் பொண்ணு... உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நாளைக்குக் கொழந்தை குட்டின்னு..." என்று ஏற்கெனவே ஜாடைமாடையாகக் கேட்டிருந்தாள்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில். ஆட்டை அறுத்து, ஈரலையும் வால் கொழுப்பையும் வேகவைத்து, சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட வேண்டும். ஊட்டியாகிவிட்டால் பேச்சு மாறக்கூடாது.

மெய்ராம் இருப்பதிலேயே கொழுத்த ஆட்டை அறுத்தார். திறந்தார். தேன்கூட்டைப் பிய்த்து உள்ளே வைத்த மாதிரி இருந்தது ஈரல்.

மனைவி கனிபா எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "சுத்தி அறுத்துட்டு நல்லதை வேகவைங்க. என்னிக்கும் செய்றதுதானே?"

"என்னிக்கும் செய்றதுதான். தின்ன மூஞ்சிய நான் என்னிக்கும் பார்த்ததில்ல கனிபா. இன்னிக்கு எதிர்ல வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. காட்டிடப் போறேன்."

"இதைக் காட்டினா பொண்ணும் இப்படித்தான்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க!"

அர்தக் பின்னால் நின்றிருந்தாள். "போனாப் போகட்டும்பா. இதை ஊட்டிட்டு அந்த வீட்டுக்கு நான் எந்த மூஞ்சியோட போறது? எனக்கே குமட்டுது."

மெய்ராம் ஈரலைத் தட்டோடு தூக்கிக்கொண்டு விருந்துக்கு நடுவில் போய் வைத்தார்.

"சம்பந்தி, எங்க மண்ணு இதுதான். என் பொண்ணும் இந்த மண்ணுலதான் வளர்ந்தா. இதை உங்களுக்கு ஊட்ட எனக்குக் கை வரல. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

ரௌஷான் முந்தானை இல்லாத குறைக்குத் தலைத்துணியாலேயே முகத்தைப் பொத்தினாள். "ஐயய்யோ, மூடுங்க முதல்ல! இந்த மாதிரி அசிங்கத்தை நாங்க கண்ணால பார்த்ததில்ல. தங்க ஆடு சாசேஜ் தவிர எந்தக் கறியையும் வீட்டுக்குள்ள விடமாட்டேன். என் புள்ள அதைத் தின்னு வளர்ந்தவன்! உங்களுக்கும்தான் கொண்டாந்திருக்கேனே."

சீர்த்தட்டில் சிவப்பு நூல் கட்டின சாசேஜ் பளபளத்தது. அதில் ஒரு துண்டு ஏற்கெனவே துலேபெக்கின் வாயில்.

"சம்பந்தியம்மா," என்றார் மெய்ராம் மெதுவாக. "நான் அறுத்துப் போடுற கட்டியெல்லாம் எங்க போகுதுன்னு நெனைச்சீங்க? தங்க ஆட்டு வண்டிதான் வாளியோட அள்ளிட்டுப் போகுது."

துலேபெக் மெல்லுவதை நிறுத்தினார். பச்சையானார், மஞ்சளானார், வாசலுக்கு ஓடினார். அவர் எடுத்த வாந்தியின் சத்தத்தில் பொலிகோனில் மறுபடி குண்டு வெடிக்கிறது என்று ஊர் நாய்கள் ஓட்டம் பிடித்தன.

திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"உன் ஈரலைத்தான் இத்தனை வருஷமா தின்னுருக்கோமா? அப்ப நாம எப்பவோ சம்பந்தியாயிட்டோம்யா! எங்களுக்குத்தான் தெரியல."

"சும்மா இருங்க," என்றாள் ரௌஷான். அவளும் வெளுத்திருந்தாள். சாசேஜ் தட்டைக் கையால் தொடாமல் காலால் தள்ளினாள். "பொண்ணைக் குறை சொல்ல இனி எனக்கு வாயில்ல. இந்த வாய்க்குள்ள எதெது போச்சோ."

ஈரலையும் சாசேஜையும் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். துலேபெக்தான் மண்வெட்டி பிடித்தார். வால் கொழுப்பை மட்டும் வேகவைத்து ஊட்டிக்கொண்டார்கள். மகளுக்காக மெய்ராம் கண்ணை மூடி அதை விழுங்கினார். பிறகு துலேபெக் ஓடிய வழியிலேயே அவரும் ஓடினார்.

அடுத்த வாரம் தங்க ஆட்டு வண்டி வந்தது. மெய்ராம் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு ஒட்டகத்தையும் இறக்கி உட்கார்ந்திருந்தார்.

"வாளி எங்கண்ணே?" என்றான் வியாபாரி.

"எனக்குக் கீழ. முடிஞ்சா உருவிக்க."