செவ்வாய்க்கிழமை முத்திரை

என் அக்கா முப்பத்தாறு வருஷம் பல்கலைக்கழகத்தில் அரசியல் வரலாறும் சர்வதேச உறவுகளும் பாடம் நடத்தினாள். மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'அடிக்குறிப்பு'. யார் எதைச் சொன்னாலும் முதலில், "எந்தக் கோப்பு? எத்தனாவது பக்கம்?" என்றுதான் கேட்பாள். வீட்டிலும் அதே கதைதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் கூட, எத்தனை மணியிலிருந்து என்று விசாரித்துவிட்டுத்தான் எழுந்து போவாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், என் வீட்டுக்காரர் போன பிறகு மூட்டை முடிச்சோடு அக்காவிடம் வந்து சேர்ந்தேன். இரண்டு அறை வீட்டில் ஒன்றரை அறையை அவளுடைய காகிதங்கள் ஆக்கிரமித்திருந்தன. என் துணிமணிக்கு அலமாரியில் ஒரு தட்டு கிடைத்ததே பெரிய காரியம்.

நான் நகராட்சி அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவள். வருகிற கடிதத்தைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் எழுதி, உரிய மேஜைக்கு அனுப்ப வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் இதைத்தான் செய்தேன். அக்கா என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "தங்கச்சி, ஆபீஸ்ல இருக்கா" என்பதோடு முடித்துக்கொள்வாள். உலகத்து ராஜதந்திரத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவள், என் மேஜையில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே புத்தகம். நம் நாடும் பக்கத்து நாடும் ஓர் ஆற்றுக்காகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தைப் பற்றியது. ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்தைப் பக்கத்து நாட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். நம் அமைச்சர் அது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நாற்பது கிராமங்களின் பாசனம் போயிற்று. இருபத்தைந்து வருஷம் கழித்து ரகசியக் கோப்புகளைத் திறந்தபோது, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் அக்கா. ஆவணக் காப்பகத்தில் பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். எட்டு மாதம் பென்சிலைச் சீவிச் சீவி எழுதி, ஒரு தந்தியைக் கண்டுபிடித்தாள்.

பக்கத்து நாட்டில் நம் தூதராக இருந்தவர் அனுப்பிய தந்தி அது. 'வரைபடம் மாற்றப்பட்டிருக்கிறது, கையெழுத்திட வேண்டாம்' என்று இருந்தது. தலைப்பில் வெள்ளிக்கிழமை தேதி. கையெழுத்து நடந்தது திங்கட்கிழமை, தூதரை அழைக்காமல், எல்லைப்புறத்து ஊர் ஒன்றில். ஆனால் நம் அமைச்சகம் அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையில் இருந்ததோ செவ்வாய்க்கிழமை. தூதர் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, காரியம் கெட்ட பிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முன்தேதி போட்டு அனுப்பியிருக்கிறார் என்று அக்கா எழுதினாள். அந்த ஒரு அத்தியாயம் அவளை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. விருது, பேராசிரியர் பதவி, வெளிநாட்டுக் கருத்தரங்குகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஓய்வு பெற்றிருந்த தூதரின் பெயரில் அமைச்சகத்தில் ஓர் அரங்கம் இருந்தது. அதன் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள்.

முப்பத்தோரு வருஷம் அந்தப் புத்தகத்தை நான் படிக்கவில்லை. தடிமனைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். போன வருஷம் அதன் மூன்றாம் பதிப்புக்கு ஏற்பாடானது. அப்போது அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்திருந்ததால் அச்சுப்படியை நான் வாசிக்க, அவள் திருத்தம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் அந்தத் தந்தியின் புகைப்படம் இருந்த பக்கம் வந்தது.

"அக்கா, அந்தத் திங்கக்கிழமை இங்க லீவா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கேக்குற?"

"சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது. திங்களும் லீவா இருந்தா, வெள்ளி சாயங்காலம் வந்தது எல்லாம் தட்டுலயே கிடக்கும். செவ்வாய் காலைல வந்து, மொத்தத்துக்கும் அன்னிக்குத் தேதியைத்தான் குத்துவோம். முத்திரை எப்ப குத்தினோம்னுதான் சொல்லும். எப்ப வந்துச்சுன்னு சொல்லாது."

"எல்லா ஆபீஸ்லயும் அப்படியா?"

"நான் முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் குத்தினேன். வேற எப்படிக் குத்துவாங்க?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து போய்ப் பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் கண்ணுக்குப் பொடி எழுத்து இன்னும் தெரியவில்லை, நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை அரசு விடுமுறை. அமைச்சர் அங்கே போய்க் கையெழுத்துப் போட்ட நாளில் இங்கே அலுவலகத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

மறுநாளே காப்பகத்துக்குக் கிளம்பினாள். அவள் கண்ணாக நானும் கூடப் போனேன். அமைச்சகத்தின் தபால் வரவுப் பதிவேட்டில் சாதாரண நாளில் நாற்பது காகிதத்துக்கு முத்திரை விழுந்திருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் நூற்று எழுபதுக்கு மேல். பிறகு தூதரகத்தின் அனுப்புகைப் பதிவேட்டைக் கேட்டாள். அது புதிதாகத் திறந்த ரகசியம் ஒன்றும் இல்லை. அலுவலகப் பதிவேடுகள் என்ற பட்டியலில் எப்போதும் இருந்ததுதான். குமாஸ்தாக்களின் நோட்டில் சரித்திரம் என்ன இருக்கப் போகிறது என்று யாரும் கேட்டு வாங்கவில்லை. அக்காவும் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கணக்கில், யாரோ ஒரு குமாஸ்தாவின் குண்டு குண்டான கையெழுத்தில், அந்தத் தந்தியின் எண்ணும் நேரமும் இருந்தன. மாலை நாலு இருபது. மனிதர் நேரத்தோடு சொல்லியிருக்கிறார். இங்கே பொறுப்பில் இருந்த யாரோ அதைத் தட்டில் போட்டுவிட்டு லீவுக்குப் போயிருக்கிறார்கள்.

"ஒரு ஆளோட பேரை நான் கெடுத்துட்டேன்டி" என்றாள் அக்கா, வாசக அறையிலேயே, மெல்லிய குரலில். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

துறைத்தலைவர் நல்லவர். அக்காவின் பழைய மாணவர். வீட்டுக்கே வந்து, "மேடம், மூணாவது பதிப்புல ஒரு அடிக்குறிப்பு சேர்த்துடலாம். போதும்" என்றார். அடிக்குறிப்பு என்ற சொல் வாயில் வந்ததும் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. பதிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, துறையின் ஆய்விதழுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். முதல் வரியே, 'தூதர் குற்றமற்றவர். தவறு என்னுடையது' என்று இருந்தது. முத்திரை பற்றிச் சொன்னது யார் என்று என் பெயரையும் வேலையையும் போட்டிருந்தாள். அதைப் பார்த்து எனக்குப் பெருமைப்படத் தெரியவில்லை. கௌரவப் பேராசிரியர் பொறுப்பைப் புதுப்பிக்க வேண்டாம் என்று பல்கலைக்கழகம் கமுக்கமாக முடிவு செய்தது. அதையும் ஏற்றுக்கொண்டாள்.

அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று. புத்தகம் வந்த புதிதில் தூதரின் மனைவி ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் வெள்ளிக்கிழமையே அனுப்பியதாக வீட்டுக்கு வந்து சொன்னார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று. அக்கா மரியாதையாக இரண்டு பக்கம் பதில் போட்டிருக்கிறாள். அந்த அம்மாள் இன்னும் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். தொண்ணூற்றொரு வயது. ஆய்விதழைத் தபாலில் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன்.

"நேர்ல போய்ச் சொல்லணும். அவங்க இருக்கும்போதே சொல்லணும்" என்றாள்.

நாலாவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினோம். பார்த்துக்கொள்கிற பெண் கதவைத் திறந்தாள். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது நன்றாகக் கேட்டது. அக்கா உட்காரக்கூட இல்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் எழுதினது தப்பு. அவர் வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டார். சாயங்காலம் நாலு இருபதுக்கு. பதிவேட்டுல பார்த்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

"நாலு இருபதா?"

"ஆமாம்மா."

அவர் அக்காவை உட்காரச் சொன்னார்.

"உங்க பதிலை நான் பத்து தடவையாவது படிச்சிருப்பேன். நெனப்பு தடுமாறும், காகிதம் தடுமாறாதுன்னு எழுதியிருந்தீங்க. இவ்வளவு படிச்ச பொண்ணு, பொய் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகுதுன்னு தோணுச்சு. அன்னிக்கே அவர்கிட்ட கேட்டுட்டேன். என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்களேன்னு."

அக்கா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்ல. வேற பேச்சும் பெருசா இல்ல. சாப்பிட வாங்கன்னா வருவார்."

"அம்மா…"

"நீங்க மாடி ஏறி வந்து கேட்டுட்டீங்க. மன்னிச்சிட்டேன். நான் யார்கிட்ட போய்க் கேக்கிறது?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்கிற பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் அதைத் தொடவில்லை.