கை எட்டாத இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எங்கே எந்த எழுத்து வரும் என்று இன்றைக்கும் நின்று யோசிக்கிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

தோல் கிளினிக்கில் டாக்டர் அம்மா, மற்ற நோயாளிகள் வாசிக்க இதை எழுதித் தரச் சொல்லி இரண்டு வருடம் ஆகப் போகிறது. நான் எழுதவில்லை. எழுதினால் உள்ளதை எழுத வேண்டும். உள்ளது அப்போது என் மனைவிக்குத் தெரியாது.

எனக்குக் கரப்பான் வந்தது முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு. முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்தது. பிறகு முழங்காலுக்குப் பின்னால், கழுத்தில், முதுகில். நீர் வடியும், காயும், வெடிக்கும். கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. வேலை கண்டியில், பாத்திரக் கடையில். ஒரு நாள் ஒரு அம்மா, நான் எடுத்து வைத்த சட்டியைத் தொடாமல் முதலாளியிடம், "அந்த ஆள் தொட்டது வேணாம், வேற எடுங்க" என்றார். முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாடியிலிருக்கும் ஸ்டோருக்கு அனுப்பினார். அங்கே பாத்திரங்களை அடுக்கும் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

லயத்துக்குக் கீழே பீலி இருக்கிறது. மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர். எல்லோரும் அங்கேதான் குளிப்போம். அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "என்னா மச்சான், பாம்பு மாதிரி தோல உரிக்கிற? சேத்து வச்சீன்னா ஒரு சட்ட தைக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு பீலிக்குப் போகவில்லை.

என் மனைவி அந்த வாரமே மாரியம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தாள். எனக்குச் சுகமாகும்வரை ஒரு நாளும் விடாமல் வேப்பிலை வெந்நீர் ஊற்றுவதாக. எங்கள் பக்கம் குளிர், வேப்பமரம் சரியாக வராது. கம்பளைச் சந்தைக்கு இலை கொண்டு வருகிற ஒரு ஆள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வருவாள். விடியுமுன் அடுப்பில் பெரிய பானை ஏறும். இலை, மஞ்சள், ஒரு கை உப்பு. என்னைக் குந்த வைத்து, கார்பாலிக் சவுக்காரம் போட்டு, பீர்க்கங்கூட்டால் தோல் சிவக்கத் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றுவாள். ஊற்றும்போது அரிப்பு நின்றுவிடும். அந்தச் சுகத்துக்காக, "இன்னும் சூடா ஊத்து" என்று நானே கேட்பேன். வேலைக்குப் போகிற பஸ் பேராதனைக்கு வருவதற்குள் மறுபடியும் தொடங்கிவிடும். ஆறு வருடம் இப்படி.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லயத்தை விட்டு வெளியே ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாள். பஸ்ஸில் ஏறுமுன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"வெந்நிய மட்டும் விட்றாதீங்க. ஆத்தாகிட்ட சொன்னது. நான் இல்லன்னு நிப்பாட்டுனீங்க, அது என்னையத்தான் புடிக்கும்."

"சரி" என்றேன்.

பத்து நாள் செய்தேன். பதினோராம் நாள் விறகு நனைந்திருந்தது, பஸ்ஸும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கம்பளைக்குப் போக மனம் வரவில்லை. இலை முடிந்தது. சவுக்காரமும் முடிந்தது, வாங்கவில்லை. ஆட்கள் எழும்புமுன் பீலியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு ஓடினேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் அங்கிருந்து போன் எடுத்துப் பேசுவாள்.

"வெந்நி போடுறீங்களா?"

"ம்."

"நல்லா தேக்கிறீங்களா?"

"ம்."

"என்னா எல்லாத்துக்கும் ம்? வாயில கொழுக்கட்டையா?"

"ம்" என்றேன். அவள் சிரித்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை பஸ்ஸில் என் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடப்பதைப் பார்த்தேன். எங்கேயும் சொறியவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நீர் வடிவது நின்றிருந்தது. சந்தோஷம் வரவில்லை. எதுவும் வரவில்லை. நேர்த்தியை விட்ட பிறகுதான் சுகமாகிறது என்பது மட்டும் புரிந்தது. அதை யாரிடம் சொல்வது?

அப்புறம் கணுக்காலில் ஒரு வெடிப்பு பழுத்து, முதலாளி என்னைக் கிளினிக்குக்கு அனுப்பினார். டாக்டர் அம்மா யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை.

"எப்பிடிக் குளிக்கிறனீங்கள் ஐயா?"

சொன்னேன். முன்பு குளித்த விதத்தையும் சொன்னேன்.

"ஆர் உப்பிடித் தேய்ச்சு விட்டது?"

"வீட்டுல. இப்ப வெளிநாட்டுல இருக்காங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அவவில பிழை இல்லை. கனபேர் இப்பிடித்தான் செய்யினம். சுடுதண்ணி ஊத்தேக்க அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும். ஆனா தோலில இருக்கிற எண்ணெய்ப்பசை எல்லாம் கழுவுப்பட்டுப் போயிடும். பிறகு இன்னும் கூடத்தான் அரிக்கும்."

தேய்க்கக் கூடாது, காரமான சவுக்காரம் கூடாது, துவாய்த் துண்டால் ஒற்றி எடுத்து ஈரம் காயுமுன் வெள்ளைக் களிம்பைப் பூச வேண்டும் என்றார். சிவந்த இடத்துக்கு மட்டும் ஒரு சின்னக் குழாய் மருந்து, அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். அப்படியே செய்தேன். கை, கால், கழுத்து எல்லாம் மெல்ல மெல்லச் சாதாரணத் தோலாயின. முழுக்கப் போய்விடாது, திரும்ப வரலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். முதுகின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் மட்டும் அப்படியே இருந்தது. அங்கே என் கை எட்டவில்லை. பூசிவிடச் சொல்லி யாரையும் கேட்கக் கூச்சம்.

வெள்ளிக்கிழமைகளில் "ம்" சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வருடம் முடிந்து அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். தேநீர்க் கோப்பையை வாங்கும்போது அவள் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. தரை கழுவுகிற மருந்து என்றாள். அது என்னையத்தான் புடிக்கும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

அவள் என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "பாத்தீங்களா, விடாம ஊத்துனதுல எப்புடி ஆகிருக்குன்னு" என்றாள். மறுநாள் விடியுமுன் பானையை ஏற்றினாள். வரும் வழியிலேயே இலை வாங்கியிருந்தாள். நான் சட்டையைக் கழற்றிக் குந்தினேன்.

"இங்க மட்டும் ஏன் அப்புடியே இருக்கு?"

"கை எட்டல."

"வெந்நி ஊத்துறதுக்குக் கை எட்டணுமா?"

பானையில் இலை கொதித்துக்கொண்டிருந்தது.

"நீ போயி பத்து நாள்லயே விட்டுட்டேன்" என்றேன். டாக்டர் அம்மா சொன்னதையும் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அப்ப நான் ஆறு வருசமா ஊத்துனது?"

"நாந்தான் சூடா கேட்டேன்."

"ஒரு வெள்ளிக்கிழமகூட சொல்லல."

"ம்."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. "அந்தக் களிம்பு எங்க?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். முதுகின் நடுவில் பூசினாள். அவள் விரல் வெடிப்புகள் முதுகில் கீறின. அவளுக்கு வலித்ததா என்று தெரியவில்லை. பூசி முடித்து, மிச்சத்தைச் சேலையில் துடைக்கப் போனாள்.

"தொடைக்காத. கையிலயே தடவிக்க" என்றேன்.

தடவிக்கொண்டாள். பானையை யாரும் இறக்கவில்லை.

அடுத்த கிளினிக் நாளுக்கு இரண்டு பேரும் போனோம். கோயிலுக்கு அவள் தனியாகப் போய் வந்தாள். அங்கே என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது காலையில் முதலில் நான் அவள் கைக்குப் பூசுகிறேன், பிறகு அவள் என் முதுகுக்கு. அதிகம் பேசிக்கொள்வதில்லை. இதை எழுதுவதாகச் சொன்னேன். "எழுதுங்க" என்றாள்.

எழுதி முடித்தது மாசி மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.