அண்ணியை அண்ணன் நீக்கிய வாரம்

நண்டு வேகும் வாசனை எங்கே அடித்தாலும் என் காதுக்குள் ஒரு போன் சிணுங்கும். லைட்ஹவுஸ் குப்பத்தில் அண்ணன் வீட்டு அடுப்படியில் இரண்டும் சேர்ந்தே வரும்: கொதி, சிணுங்கல், மறுபடி கொதி.

குப்பத்து வாட்சப் குழுவின் சிணுங்கல் அது. காற்று, முகத்துவாரத்துத் தண்ணீர், பொன்னேரியிலிருந்து நண்டு கேட்பவர்கள், எல்லாம் அதில்தான். ஏரியில் வலை போடும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முறை மாற்றிக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். அட்மின் வேலையையும் பாடு ஆக்கியிருந்தார்கள். அமாவாசைக்கு அமாவாசை ஆள் மாறும். இதில் மட்டும் பெண்களுக்கும் சீட்டு உண்டு.

அண்ணன் முறை வந்ததும், மடித்துக் கட்டிய கைலி தானாகக் கணுக்கால் வரை இறங்கியது. "வாடைக்காத்து வருது, யாரும் எறங்காதீங்க" என்று ஒருநாள் குரல் அனுப்பினார். அன்று ஓர் இலைகூட அசையவில்லை. அண்ணி மூன்று சிரிப்புப் பொம்மை போட்டார். அண்ணன் அவரை நீக்கிவிட்டார்.

ஏரியில் கையால் தடவி அண்ணி பிடிக்கும் நண்டுக்கு அந்தக் குழுதான் சந்தை. கேட்பவர் தெரியாமல் கூடை கூடையாக வீட்டிலேயே வெந்தது. நான் போயிருந்த அந்த வாரம் மூன்று வேளையும் நண்டு.

"திரும்பச் சேத்துடுண்ணா, ஒரு வெரலு வேலை."

"தூக்கினா தூக்கினதுதான்."

விரலுக்குப் பின்னால் மீசை இருந்தது.

"தூக்குன வலையவே மறுநாள் போடுறோம்," என்றார் அண்ணி. "உன் உத்தரவு மட்டும் இன்னா, கல்லா?"

அமாவாசையன்று வலைக் கொட்டகையில் சீட்டு எடுத்தார்கள். வந்தது அண்ணி சீட்டு.

"குழுவுலயே இல்லாத ஆளு எப்டி அட்மின் ஆவும்? வேற எடுங்க!" என்றார் அண்ணன்.

"பாடுன்னு விழுந்த சீட்ட மாத்துற வழக்கம் இல்ல மாமா," என்றான் வலை பின்னிக்கொண்டிருந்தவன். கொட்டகை சிரித்தது.

அண்ணன் விரலைக் கைலியில் துடைத்தார். அண்ணியின் போன் சிணுங்கியது.

"ஒரு வாரத்துப் பேச்சு ஒண்ணுமே காணோமே?"

ஆளைத் திரும்பச் சேர்க்கலாம், நடுவில் போன பேச்சு வராது என்று சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்தார்.

மறுநாள் பஸ் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். அண்ணி போனையே தடவிக்கொண்டிருந்தார்.

"ஏய், என்னைத் தூக்கிடாத."

"தூக்கமாட்டேன்யா. தெனம் காத்து எப்டினு நீயே போடு. சிரிக்காம இருப்பேன்னு மட்டும் நெனைக்காத."