பாசி பிடிக்காத தொட்டி

எங்கள் வீட்டு முன்னறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. விடிந்தால் வெயில் நேராக உள்ளே வந்து விழும். அந்த ஜன்னலுக்கு அடியில்தான் அண்ணன் மீன்தொட்டியை வைத்தான். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றே அங்கே வைத்தான்.

நான் விலங்கியல் படித்து முடித்து, மரக்காணத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்த சமயம். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அண்ணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு உப்பு மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். பாண்டிச்சேரியில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண்ணாடித் தொட்டி, வெள்ளைக் கல், விளக்கு, குமிழி விடும் மோட்டார், பிளாஸ்டிக் பையில் மூன்று தங்க மீன் என்று எல்லாவற்றையும் வாங்கி வந்துவிட்டான்.

"டீச்சர் வீடுன்னா மீன்தொட்டி இருக்கணும்" என்றான்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றில் ஒன்றுக்கு வால் மட்டும் வெள்ளை. பள்ளியிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு அதைத்தான் முதலில் தேடுவேன்.

சில நாட்களிலேயே கண்ணாடியில் பச்சை படிந்தது. பிறகு தண்ணீரே பச்சையாகிவிட்டது. மீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால்தான் சிவப்பாக ஏதோ அசைவது தெரியும். தெருவில் போகிற பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, கீரைத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது.

பாசி ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். காலை வெயில் தொட்டியில் விழக் கூடாது. விளக்கை மாலையில் கொஞ்ச நேரம் போட்டால் போதும். மீன் உடனே தின்று முடிக்கிற அளவுக்குத்தான் தீனி போட வேண்டும். மிஞ்சிய தீனி அழுகினால் அதுவே பாசிக்கு உரம். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, முதல் நாளே பிடித்துவைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. இதையெல்லாம் சாப்பிட உட்கார்ந்தபோது பொறுமையாகச் சொன்னேன். தொட்டியை வெயில் வராத நடு அறைக்கு மாற்றலாம் என்றும் சொன்னேன்.

"நடு ரூம்ல வெச்சா யாரு பாப்பாங்க?" என்றாள் அம்மா.

"நாம பாப்போம்."

"நாம பாக்கறதுக்கா வாங்கிட்டு வந்தான் அவன்?"

அண்ணன் தட்டிலிருந்து நிமிராமலே, "கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்கப்பா டீச்சரம்மா. பரீட்சை எப்போன்னு கேளு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சண்டை போடவில்லை. பழைய ஏடிஎம் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டினேன். ஜன்னலுக்கு ஒரு துணி கட்டினேன். பின்பக்கம் ஒரு பக்கெட்டில் எப்போதும் தண்ணீர் பிடித்து வைத்தேன். தண்ணீர் மெல்லத் தெளிய ஆரம்பிக்கும். அதற்குள் அண்ணனின் சிநேகிதர்கள் வருவார்கள். துணியை அவிழ்த்துவிட்டு, விளக்கைப் போட்டு, கை நிறையத் தீனி கொட்டி, மீன்கள் அடித்துக்கொண்டு மேலே வருவதை வேடிக்கை காட்டுவான். விளக்கு விடிய விடிய எரியும். நான் தெளிய வைத்ததை அவர்கள் பச்சையாக்கினார்கள். நான் மறுபடி சுரண்டினேன்.

அப்பா இதை வேறு விதமாகப் பார்த்தார். உப்பளத்தில் முதலில் தண்ணீர் தேக்குகிற பெரிய பாத்தியில் பச்சைப் பாசி படரும். அந்தத் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் காய்ந்து கெட்டியாகும்போது பாசி செத்துவிடும். உப்பு விளைகிற கடைசிப் பாத்தியில் பச்சை என்பதே இருக்காது.

"தண்ணிக்கு உப்பு பத்தலம்மா. அதான் பாசி புடிக்குது" என்றார் ஒருநாள். "விளையற பாத்தியில நீ என்னைக்காச்சும் பாசி பாத்திருக்கியா?"

"இல்லப்பா."

"அப்புறம்?"

"விளையற பாத்தியில மீனு பாத்திருக்கியாப்பா நீ?"

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "பாத்தியா உன் பொண்ணு வாய" என்று சிரித்தார். அவர் சிரித்ததால் விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் பதிலை அவர் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்பிள்ளையின் வாய்த்துடுக்கு, அவ்வளவுதான்.

எங்கள் சர்ச்சுக்கு உட்பட்ட பங்கில் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் நடக்கும். ஓலை வீட்டில் இருந்தவரை எங்கள் வீட்டில் கூட்டம் வைக்க யாரும் கேட்டதில்லை. உட்கார இடம் இல்லை என்பார்கள். இப்போது தளம் போட்ட வீடு. கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது அன்பியத் தலைவி அம்மாவிடம், "இந்த மாசம் உங்க வீடு" என்று சொல்லிவிட்டார். அவர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற அம்மாள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து வீட்டில் தொட்டியைப் பற்றித்தான் பேச்சு. இருபது முப்பது பேர் வந்து அந்த முன்னறையில்தான் உட்காரப் போகிறார்கள்.

"நாத்தம் புடிச்ச குட்டைன்னு சொல்லுவாங்க" என்றாள் அம்மா.

"கூட்டம் முடியிற வரைக்கும் நடு ரூம்ல வைம்மா. அதுக்கப்புறம் ஒழுங்கா நான் தெளிய வெக்கிறேன்" என்றேன்.

"நீயும்தான் எவ்ளோ நாளா தெளிய வெக்கிற" என்றான் அண்ணன்.

இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நான் தெளிய வைத்ததையெல்லாம் கலக்கியவன் அவன்.

எந்த வீட்டில் கூட்டம் நடந்தாலும் வேதாகம வாசகம் படிப்பது நான்தான். திக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படிப்பேன். தெருவில் யாருக்கு மாத்திரை அட்டை வந்தாலும், தாலுகா ஆபீஸிலிருந்து காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். வேறு யாரோ எழுதியதை நான் படித்தால் தலையாட்டிக் கேட்பார்கள். நானாக ஒன்று சொன்னால் அது வாய்.

கூட்டத்தன்று பள்ளியில் தேர்வு நடந்ததால் வீட்டுக்கு வர இருட்டத் தொடங்கிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. உள்ளே நுழைந்ததும் தொட்டிதான் கண்ணில் பட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அடியில் கிடந்த வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"எப்படிண்ணா?" என்றேன்.

"பாத்தியா? ஒரே நாள்ல" என்றான். "உன் சயின்ஸே வேணாம் போ."

எல்லாத் தண்ணீரையும் கொட்டித் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள் என்று புரிந்தது. கேட்பதற்குள் அம்மா கையைப் பிடித்து இழுத்து, "புடவை மாத்திக்கிட்டு வா, பாட்டு ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

அண்ணன் என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தான். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும், வீடியோ நன்றாக வரும் என்றான். செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். அப்பா சுவரோரம் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. நான் வேதாகமத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன்.

பக்கம் திருப்பும்போது தொட்டியைப் பார்த்தேன். மீன் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று ஒருக்களித்துச் சாய்ந்து, நிமிர முயன்று, மறுபடி சாய்ந்தது. உடம்பின் மேல் வெள்ளையாக ஏதோ படலம். குனிந்து அடியைப் பார்த்தேன். கற்களுக்கு நடுவே கிடந்தவை எல்லாம் கல் இல்லை. கரையாத உப்பு.

வசனம் பாதியில் நின்றது.

"படிம்மா" என்றார் தலைவி.

புத்தகத்தை நாற்காலி மேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். நான் பிடித்து வைத்திருந்த பக்கெட்டில் பாதிதான் தண்ணீர் இருந்தது. வந்தவர்கள் கால் கழுவ அம்மா அதிலிருந்துதான் மொண்டு ஊற்றியிருந்தாள். அந்தப் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால், பட்டுப்புடவையோடு கையைத் தொட்டிக்குள் விட்டு மூன்றையும் அள்ளிப் பக்கெட்டில் போட்டேன். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் மாதிரி கரித்தது.

"எவ்ளோப்பா போட்ட?" என்றேன்.

"ஒரு படிதாம்மா" என்றார் அப்பா. அவர் பார்வையில் ஒரு படி என்பது ஒன்றுமே இல்லை. மலை மலையாக உப்பைக் குவித்தவர். "மேலாப்புல மந்திரிச்ச உப்பும் ஒரு புடி போட்டேன். ஒண்ணும் ஆவாது."

மந்திரித்த உப்பு என்பது ஒவ்வொரு பருவத்திலும் முதலில் வாரும் உப்பு. அப்பா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரித்து வாங்கி வந்து ஜாடியில் வைத்திருப்பார். யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒரு சிட்டிகை, மாடு படுத்துக்கொண்டால் ஒரு சிட்டிகை. அதைத்தான் பிடியாக அள்ளிப் போட்டிருந்தார்.

"மந்திரிச்ச உப்பு போட்ட தண்ணியா?" என்று ஒரு கிழவர் எழுந்தே விட்டார். "தரையெல்லாம் சிந்திட்டாளே!"

"யாரும் மிதிக்காதீங்க" என்றது ஒரு குரல். கால்களை எல்லாரும் இழுத்துக்கொண்டார்கள்.

தலைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆண்டவர் வார்த்தையப் பாதியில வெச்சிட்டு மீனத் தூக்க ஓடுற. இதான் படிச்ச லட்சணமா?"

"உசுரு போவுதுங்க" என்றேன்.

"மீனுதானம்மா" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவள், "ராத்திரிக்குக் குழம்பு வெச்சாச்சுன்னு நெனைச்சிக்கோ" என்றாள். சிரிப்பு பரவியது. மீன் தின்றே வளர்ந்த ஊரில் மீன் சாகிறது என்று ஒருத்தி பதறுவது அவர்களுக்கு வேடிக்கை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தவர்களால் அல்ல, என்னால்.

மீதி வாசகத்தை ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள். நான் பின்பக்கம் பக்கெட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கலைவதற்குள் இரண்டு செத்துப்போயின. வெள்ளை வாலுள்ளது மட்டும் அடியில் அசையாமல் நின்று செவுளை அடித்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் போன பிறகு அப்பா வந்து நின்றார்.

"நாலு பேரு முன்னாடி என்னைக் கேள்வி கேக்கறியே" என்றார்.

"சொன்னனேப்பா. விளையற பாத்தியில மீன் இருக்காதுன்னு அன்னிக்கே சொன்னனே."

"அது நீ விளையாட்டுக்குச் சொன்னது."

என்னைப் படிக்க வைப்பதற்காக அம்மாவின் கால் உப்புத் தண்ணீரில் வெடித்தது எனக்குத் தெரியும். அதை நினைத்தால் வாய் அடைத்துவிடுகிறது. ஆனால் இவ்வளவு பாடுபட்டுப் படிக்க வைத்தது நான் சொல்வதைக் கேட்க இல்லையென்றால் எதற்கு? ஜன்னலுக்கு அடியில் வைக்கவா?

அண்ணன் அந்த வீடியோவை அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். நான் நிறுத்துவதற்கு முன்னாலேயே வெட்டியிருந்தான். நான் தெளிவாக, அழகாக, நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் சுத்தமான தண்ணீரில் மூன்று மீன்கள் சாய்ந்து சாய்ந்து நிமிர்கின்றன. ஆட்டம் போடுகின்றன என்று நினைத்திருப்பார்கள். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன.

வெள்ளை வால் பிழைத்துக்கொண்டது. நடு அறையில், வெயில் வராத மூலையில், ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் அதை வைத்திருக்கிறேன். கொஞ்சமாகத் தீனி, வாரத்துக்குக் கால் பங்கு புதுத் தண்ணீர். தண்ணீர் தெளிவாக இருக்கிறது. பாசி என்று பார்த்தால் டப்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு. அவ்வளவு இருக்கலாம், மீனுக்கும் நல்லதுதான். அண்ணனும் அப்பாவும் அந்த மூலையைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறார்கள். ஒரு தடவையும் குனிந்து பார்த்ததில்லை. அன்பியக் கூட்டங்களில் இப்போது அந்த ஒன்பதாவது படிக்கிற பெண்தான் வாசகம் படிக்கிறாள்.

தொட்டி ஜன்னலுக்கு அடியிலேயே இருக்கிறது. அண்ணன் பிளாஸ்டிக் மீன்கள் வாங்கி வந்து போட்டான். மோட்டார் விடும் குமிழியில் அவை மேலே போய்க் கீழே வருகின்றன. லேசாகப் பச்சை தெரிந்தால் அப்பா இன்னும் ஒரு படி உப்பை அள்ளிப் போடுகிறார். விளக்கு விடிய விடிய எரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அனுமந்தையிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். நான் நடு அறையில் டப்புக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அப்பாவின் குரல் கேட்டது.

"என் பொண்ணு சயின்ஸ் டீச்சராச்சே. அவதான் எல்லாம் பாத்துக்கறா. உத்துப் பாருங்க, ஒரு பொட்டு பாசி இருக்குதா?"