நாற்பத்திரண்டு வீட்டுச் சாவி

சுகுணாவை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பனந்தோப்புக்கொட்டாய் நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியராக வந்து மூன்றாவது நாள். அரூரில் இருந்து வரும் பஸ் அன்றும் தாமதம். ஒன்பதே காலுக்கு இறங்கினால், பூட்டிய கேட்டின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது.

"எட்டு மணிக்கே புள்ளைங்க வந்துருதுங்க சார். நீங்க வர்ற வரைக்கும் கெணத்து மேட்டுலதான் ஆடிட்டு இருக்குதுங்க. ஒண்ணு உள்ள வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

பஸ் தாமதமானால் நான் என்ன செய்ய முடியும் என்றேன். அப்படியானால் சாவியை ஊரில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அரசுப் பள்ளிச் சாவியை வெளியாள் கையில் கொடுக்கக் கூடாது என்று விதிகளை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிணற்றில் விழுந்த பிள்ளையை அந்த விதியைப் போட்டுத் தூக்கிவிடலாமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

அவருடைய குரலுக்கு ஒரு காரணம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிறந்தது தொப்பூர் பக்கம். அப்பா கணவாய்ச் சாலை ஓரத்தில் டீக்கடை வைத்திருந்தார். நாள் முழுக்க லாரிச் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த தொண்டை. காதோடு சொல்கிற ரகசியமும் பஞ்சாயத்து ஆபீஸ் வரை கேட்கும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவர். கணவர் தர்மன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை; மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் ராகியும் இரண்டு பசுக்களும் சுகுணாவின் பொறுப்பு. மகள் காவியா அப்போது எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் எதிர்த்து நிற்கவில்லை. யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

கடைசியில் சாவியைக் கொடுத்தேன். ஒரே வீட்டில் இருந்தால் அது அந்த வீட்டுப் பள்ளிக்கூடம் ஆகிவிடும் என்று சுகுணா சொன்னார். "கெணத்துக்கு வெச்ச மாதிரி முறை வெச்சுக்கலாங்க. நாப்பத்திரெண்டு வூடு. ஒரு நாளைக்கு ஒரு வூடு."

இந்தப் பக்கத்தில் முறை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கிணற்றில் நான்கைந்து பேருக்குப் பங்கு இருக்கும். இன்னாருக்கு இன்ன கிழமை, இன்ன மணி முதல் இன்ன மணி வரை தண்ணீர் என்று பிரித்திருப்பார்கள். அந்த நேரத்தில் மோட்டார் அவருடையது. ஜென்ம விரோதியாக இருந்தாலும் அவர் முறையில் கை வைக்கக் கூடாது. தன் பிறந்த தேதி தெரியாதவர்களுக்குக்கூட இங்கே தன் முறை தெரியும்.

அப்படித்தான் பள்ளிச் சாவி ஊருக்குள் போனது. தொலையாமல் இருக்க, விற்றுவிட்ட மாட்டின் கழுத்து மணி ஒன்றை அதில் கட்டிவிட்டார் சுகுணா. காலை ஏழரைக்குத் தெருவில் மணிச் சத்தம் கேட்டால் இன்றைய முறைக்காரர் பள்ளிக்குப் போகிறார் என்று அர்த்தம். கேட்டைத் திறந்து, கூட்டி, குடத்தில் தண்ணீர் வைத்து, நாங்கள் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் சும்மா உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. கொத்தனார் முறையில் உடைந்த படி சரியானது. தையல்காரம்மா முறையில் பட்டன் இல்லாத சட்டைகளுக்கு எல்லாம் பட்டன் வந்தது. முருகேஷ் என்று ஒரு டிராக்டர் டிரைவர், நாங்கள் வந்த பிறகும் போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பின்னக் கணக்கு கற்றுக்கொண்டார். அவருக்கு இன்னமும் தசமம் வராது. அது வேறு கதை.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். சுகுணா வீட்டுக்கு அடுத்த முறை ராஜப்பன் வீடு. ராஜப்பன், தர்மனின் அண்ணன். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிணறு இந்த இரண்டு குடும்பத்துக்கும் பொது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு முதல் ஏழு வரை யாருடைய முறை என்று நான்கு வருடமாகத் தகராறு. மோட்டார் ரிப்பேர் செலவை ஏற்றதற்காக அந்த நேரம் தங்களுக்குக் கிடைத்தது என்பது சுகுணாவின் கட்சி. அது அந்த ஒரு கோடைக்கு மட்டும்தான் என்பது ராஜப்பன் கட்சி. வழக்கு அரூர் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. பேச்சு கிடையாது, பொங்கல் கிடையாது. தம்பி மகள் காவியாவை மட்டும் ராஜப்பன் வழியில் பார்த்தால் நின்று தலையைத் தடவிவிட்டுப் போவார். சாவி எப்படி மாறும்? தன் முறை முடிந்த சாயங்காலம் சுகுணா அதை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் முருங்கை மரக் கிளையில் மாட்டிவிடுவார். மறுநாள் விடியற்காலையில் ராஜப்பன் வந்து எடுத்துக்கொள்வார். முருங்கை மரத்துக்கு வாய் இருந்தால் அதுவும் சாட்சி சொல்லப் போயிருக்கும்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. போன ஆண்டு ஆடி மாதத்தில் சுகுணா என்னிடம் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். காவியாவுடையது. காலையில் நிரப்பிக் கொடுத்தது, சாயங்காலம் நிரம்பியே திரும்பி வருகிறது. ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் இல்லை, பள்ளி திறந்த நாள் முதலாக. கேட்டால் தாகம் இல்லை என்கிறாளாம்.

எனக்கு விளங்கவில்லை. உடன் வேலை பார்க்கும் தேவிப்பிரியா டீச்சருக்கு உடனே விளங்கியது. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டி ஐந்து வருடம் ஆகிறது. தண்ணீர் இல்லாததால் பூட்டியே கிடந்தது. பஞ்சாயத்துக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் வரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே காணாது. பெரிய பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் தினமும் அந்தப் பூட்டைத் தாண்டி நடந்த எனக்கு வெட்கமாக இருந்தது. தான் ஒன்பதாவதோடு நின்றதும் இதனால்தான் என்று சுகுணா அன்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். அதுவரை எல்லோரிடமும் படிப்பு ஏறவில்லை என்றுதான் சொல்லிவந்தார்.

அந்தச் சமயத்தில்தான் விருது அறிவிப்பு வந்தது. பெங்களூரில் ஓர் அறக்கட்டளை, ஊரும் பள்ளியும் கூட்டாக நடத்தும் நல்ல காரியங்களுக்கு விருதும், அடுத்த வேலைக்கு நிதியும் தருகிறதாம். தொட்டியும் குழாயும் வந்துவிடும் என்று சுகுணா கணக்குப் போட்டார். பதினான்கு பக்க விண்ணப்பம். கூட்டாளி அமைப்பின் பெயர், பதிவு எண் என்று ஒரு கட்டம். எந்த அமைப்பு? எந்த எண்? நான் விழித்தேன். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர் பெயரையும் எழுதச் சொன்னார் சுகுணா. பதிவு எண்ணுக்கு? "எல்லா வூட்டுக்கும் கரண்டு நம்பர் இருக்குதுங்களே சார்." எழுதினேன். நாற்பத்திரண்டு மின் இணைப்பு எண்கள். அதைப் பார்த்துத்தான் எங்களைத் தேர்ந்தெடுத்தார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அட்டவணையைப் பார்த்தேன். புதன் சுகுணா முறை, வியாழன் ராஜப்பன் முறை. வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

வியாழன் காலை பஸ்ஸை நம்பாமல் பைக்கில் வந்தேன். கேட் திறந்திருந்தது. உள்ளே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சுகுணா தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். கோலம் போட வருவதாகச் சொன்ன பெண்கள் வரவில்லை. ராகி களி கிண்ட வருவதாகச் சொன்னவர்களும் வரவில்லை. முருகேஷ்கூட இல்லை. பிள்ளைகள் மட்டும் எண்ணெய் வழியத் தலை வாரி உட்கார்ந்திருந்தன.

நடந்தது இதுதான். ராஜப்பன் வேண்டுமென்றே கேட்டைத் திறக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயந்து, சுகுணா முதல் நாள் சாயங்காலம் சாவியை முருங்கையில் மாட்டவில்லை. விடியற்காலையில் ராஜப்பன், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து, வெறும் கிளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். ஏழு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சுகுணா முறையை மறித்துவிட்டார். இன்று அவருக்கு, நாளை யாருக்கோ? நாற்பது வீடும் கதவுக்குள் இருந்துகொண்டது.

பத்தரைக்குக் கார் வந்தது. இறங்கியவர் சுசித்ரா என்று ஓர் இளம்பெண். கையில் எங்கள் விண்ணப்பம். வகுப்பறைகளைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்: நாற்பத்திரண்டு வீடும் இந்தப் பள்ளியை நடத்துவதாக எழுதியிருக்கிறீர்களே, ஒருவரையும் காணோமே?

பக்கத்து ஊரில் ஒரு துக்கம் என்று ஆரம்பித்தேன். யாரைச் சாகடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சுகுணா குறுக்கே வந்தார்.

"யாரும் சாகலைங்க. நான்தான் முறைய மறிச்சிட்டேன். அதான் யாரும் வர்ல."

சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சுசித்ரா பின்னாலேயே போனார், நானும் ஓடினேன். கேட்டுக்கு வெளியே நின்று சுகுணா எதையோ செய்தார்; என்னவென்று நான் கவனிக்கவில்லை.

ராஜப்பன் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டியை இன்னும் மாற்றவில்லை. அதைப் பார்த்ததும் சுகுணாவின் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. வாசற்படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு பேசுகிறார். அந்தத் தொண்டை முதல் முறையாகத் தணிந்து பேசியது.

"மாமா, இன்னைக்கு உங்க முறைங்க. மறிச்சது என் தப்புங்க. சாவிய வாங்கிக்குங்க."

ராஜப்பன் சூரியனைப் பார்த்தார். "மணி பதினொண்ணு ஆவுது. தொறந்த கேட்டுக்கு எதுக்குச் சாவி?"

"பூட்டிட்டு வந்துட்டேங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறுபத்து மூன்று பிள்ளைகளும் தேவிப்பிரியா டீச்சரும் உள்ளே. அதற்குள் என் போன் அடிக்க ஆரம்பித்தது, டீச்சர்தான். நான் எடுக்கவில்லை.

ராஜப்பனின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் பட்டது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவியை வாங்கினார். தெருவில் அவர் முன்னால் நடக்க, மணி ஆடிக்கொண்டே வந்தது. ஒரு கதவு திறந்தது. அடுத்தது திறந்தது. பள்ளியை அடைவதற்குள் எங்களுக்குப் பின்னால் பாதி ஊர் வந்துகொண்டிருந்தது. ராஜப்பன் பூட்டைத் திறந்து, ஏற்கெனவே கூட்டியிருந்த வாசலை இன்னொரு முறை கூட்டினார். முறை என்றால் முறை.

பிறகு மரத்தடியில் பேச்சு. கழிப்பறைக்குத் தொட்டியும் குழாயும் சரி, அதில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று சுசித்ரா கேட்டார். விண்ணப்பத்தில் பஞ்சாயத்துக் குடிநீர் என்று எழுதியிருந்தேன். அந்தத் தண்ணீர் இரண்டு நாளைக்கு அரை மணி நேரம்தான் என்று கூட்டத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். சுசித்ரா பேனாவை மூடினார். தண்ணீருக்கு வழி இல்லாமல் தொட்டிக்கு நிதி தர முடியாது என்றார். நியாயம்தான். அப்போதுதான் சுகுணா அந்த பாட்டில் கதையை எல்லோர் முன்னாலும் சொன்னார். காவியா தலையைக் குனிந்துகொண்டாள். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ராஜப்பனுக்கும் தெரியாது. தெரிய எங்கே வழி?

ராஜப்பன் என் பக்கம் திரும்பினார்.

"செவ்வா, வெள்ளி, காலைல ஆறுலேர்ந்து ஏழு. அந்த முறைய பள்ளிக்கூடத்துக்குன்னு எழுதிக்குங்க சார்."

"அது எங்க முறைங்க மாமா," என்றார் சுகுணா. பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சுகுணா மகளைப் பார்த்தார். பிறகு என்னிடம், எழுதிக்குங்க சார், ஆனா குடுத்தது நாங்கன்னு எழுதுங்க என்றார். நான்தானே முதலில் சொன்னேன் என்றார் ராஜப்பன். கொடுத்தவர் பெயர் என்ற இடத்தை நான் காலியாக விட்டேன். சுசித்ரா பேனாவை வாங்கி, இரு வீட்டாரும் என்று எழுதி அந்தச் சண்டையை முடித்துவைத்தார்.

எங்களுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. நுழைவாயில் வளைவு கட்ட ஆசைப்பட்டவர்களுக்கு அதில் வருத்தம். தொட்டிக்கும் குழாய்க்கும் போதுமானதாக இருந்தது. கோர்ட்டில் தண்ணீர் வழக்கு மட்டும் வாபஸ் ஆயிற்று. வரப்பு வழக்கு ஒன்று இருக்கிறது, அது நடந்துகொண்டிருக்கிறது. சாவியை இப்போதும் முருங்கை மரத்தில்தான் மாட்டுகிறார்கள். ஆனால் மாட்டிவிட்டு, மாமா, சாவி மாட்டிருக்குதுங்க என்று ஒரு குரல் கொடுக்கிறார் சுகுணா. எனக்குப் பஸ் ஸ்டாப் வரை கேட்கிறது.

கழிப்பறைப் பூட்டைத் திறந்து குழாயில் தண்ணீர் விட்ட செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டதும் சுகுணா என் மேஜைக்கு வந்தார். காவியாவின் பாட்டிலைத் திறந்து, என் வருகைப் பதிவேட்டுக்கு மேலேயே தலைகீழாகக் கவிழ்த்தார். நான் பதறிப்போய்ப் பதிவேட்டை இழுத்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.