பிரேக் ஆயில் டப்பாவில் நான் ஊற்றியது

போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீரப்பாளையம் வளைவில் எங்கள் வேன் நிற்கவில்லை. ஓட்டியவர் என் கணவர் தாசன். மூன்று முறை மிதித்த பிறகே பிரேக் பிடித்தது. அதற்குள் சைக்கிளில் வந்த ராமலிங்கம் கீழே கிடந்தார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பதினோரு பெண்களை வேலைக்கு ஏற்றிச் செல்லும் வேன் அது. அந்தச் சனிக்கிழமை எங்கள் வாசலிலேயே தாசன் பிரேக்கைப் பார்க்க உட்கார்ந்தார்.

"காத்து பூந்திருக்கு எஸ்தரு. நீ பெடல மிதி."

சக்கரத்தருகே படுத்து, பிரேக்கில் காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளில் குழாயைச் செருகினார். அவர் நிப்பிளைத் திறந்து மூடும்வரை நான் காலை எடுக்கக் கூடாது. முணுமுணுத்து ஜெபித்தேன்: ஆண்டவரே, குறை எங்கே என்று காட்டும்.

"வாய்ல ஜெபம், கால்ல பெடலு. ரெண்டுல ஒன்னையும் வுட்டுடாத."

நான்கு சக்கரமும் முடிந்தது. குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. பெடல் மட்டும் பொதபொதவென்று இறங்கியது.

வண்டிக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவை மூடப் போனார். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊதிப்போய், உட்கார மறுத்தது.

"பழைய மூடி. வேற வாங்கிக்கலாம். ரெண்டு தடவ மிதிச்சா நிக்குதுல்ல? திங்கக்கெழம மெதுவா ஓட்டிக்கிறேன்."

என் கால் பெடலில்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், அவர் அந்த டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனபோது, சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயை அதில் ஊற்றியது நான். அவர் பத்திரமாகத் திரும்பட்டும் என்றுதான்.

கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. அந்தப் பதில் எனக்கு வேண்டாம் போலிருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவர் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தார்.

"அப்ப அந்த எண்ண பட்டு உள்ள இருக்கிற ரப்பரு பூரா ஊதியிருக்கும். திங்கக்கெழம பதினோரு பேரு ஏறியிருப்பாங்கடி."

ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றினார். குழாய்களைக் கழுவினார். மறுபடி நான்கு சக்கரத்துக்கும் நான் மிதித்தேன். பெடல் பாதியில் கெட்டியாக நின்றது. அங்கேயே அழுதேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து இருவரும் ராமலிங்கம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் கட்டுப் போட்ட தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் போகிறோம்.

பதினோரு பேரும் தினமும் வீடு திரும்புகிறார்கள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அன்பானவர்களே, குறையைக் காட்டும் என்று நீங்களும் துணிந்து கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டுவது உங்கள் கையையே என்றாலும், மறைக்காதீர்கள்.